படத்தை ஏன் தூக்கினார்கள்? டிஜிட்டல் ஓவியக் குழுக்களின் விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஜிட்டலில் வரையக் கற்றுக்கொள்பவர்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் குழுவில் ஆறு வருடமாக நான் மாடரேட்டர். பகலில் வேறு வேலை, இது ராத்திரி வேலை, சம்பளம் கிடையாது. "அக்கா, என் படத்தைத் தூக்கிட்டாங்க" என்று ஆரம்பிக்கும் செய்தி வாரத்துக்கு ரெண்டாவது வரும். பெரும்பாலும் தூக்கியது நாங்கள் இல்லை, ஏதாவது ஒரு பெரிய தளம். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டி அலுத்துப்போனதால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு வரை போகும் விஷயம் என்றால் வக்கீலைப் பாருங்கள்.

1. நான் வரைஞ்ச படம். அதைத் தூக்க அவங்க யாரு?

படம் உங்களுடையதுதான். அதை மாட்டியிருக்கும் சுவர் அவர்களுடையது. கணக்குத் தொடங்கும்போது படித்தே பார்க்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அமுக்கினோமே, அங்கேயே இதற்குச் சம்மதித்துவிட்டோம். காப்புரிமை கை மாறுவதில்லை. காட்டுவதா வேண்டாமா என்ற முடிவு மட்டும் அவர்களிடம் போகிறது.

வரைகிறவர்களுக்கு லேயர் கணக்கில் சொன்னால் புரியும். அடியில் நாட்டுச் சட்டம். அதன் மேல் தளத்தின் விதி. அதற்கும் மேல், எங்களைப் போன்ற குழுக்களின் விதி. இவை போக, பேனலில் தெரியாத ஒரு லேயரும் உண்டு: ஆப் ஸ்டோரும் கார்டு கம்பெனிகளும். 2018 நவம்பரில் சிறார் ஆபாசப் படங்கள் வடிகட்டியில் தப்பிவிட்டதால் படங்களும் பதிவுகளும் பகிரும் டம்ப்ளர் செயலி ஆப்பிள் ஸ்டோரிலிருந்து காணாமல் போனது. அடுத்த மாதம் 17ஆம் தேதி முதல் டம்ப்ளர் வயதுவந்தோர் படங்களை மொத்தமாகத் தடை செய்தது. 2025 ஜூலையில் கணினி விளையாட்டுகளை விற்கும் இட்ச்.ஐஓ தளம் வயதுவந்தோர் விளையாட்டுகளைத் தேடலில் வராமல் மறைத்தது, பணப் பரிமாற்ற நிறுவனங்களின் நெருக்கடியால்தான். இந்த மாதிரி நேரத்தில் மாடரேட்டரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவருக்கே மேலிடத்து உத்தரவு.

2. யார் பார்த்துத் தூக்குறாங்க? மெஷினா, மனுஷனா?

ரெண்டும். சில படங்கள் ஏறும்போதே ஒப்பிடப்படுகின்றன. ஏற்கெனவே தடை செய்யப்பட்ட ஒவ்வொரு படத்துக்கும் கைரேகை போல ஓர் எண்வரிசை இருக்கும். உங்கள் படத்தின் எண்வரிசை அதோடு ஒத்துப்போனால் அங்கேயே நிற்கும். 2009இல் மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ இந்த வகை. இதில் தப்பு நடப்பது அபூர்வம். நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது அடுத்த வகையில்: தோல் நிறம், உடல் வளைவு, ரத்தச் சிவப்பு இவற்றைப் பார்த்து 'இது இன்னதாக இருக்கலாம்' என்று ஊகிக்கும் மென்பொருள். மூன்றாவது, யாராவது புகார் கொடுத்து ஒரு மனிதர் பார்ப்பது. அவர் உங்கள் படத்தை ரசித்துப் பார்க்கப்போவதில்லை. வரிசையில் அடுத்த படம் காத்திருக்கும்.

சிவகங்கைப் பக்கத்துத் தம்பி ஒருவர் தன் அப்பத்தாவை வரைந்தார். கண்டாங்கிச் சேலை, காதில் தண்டட்டி, மடியில் முறம், முறத்தில் உளுந்து. அப்பத்தா ரவிக்கை போட்டதில்லை, அதனால் படத்திலும் இல்லை. தோளிலும் முதுகிலும் சாயங்கால வெயில் விழுந்த இடத்தை மட்டும் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்திருந்தார். போட்ட பத்தாவது நிமிடம் 'பாலியல் உள்ளடக்கம்' என்று தளம் தூக்கிவிட்டது. அந்தத் தலைமுறைப் பெண்களில் பலர் ரவிக்கை போடாமலே வாழ்ந்து முடித்தார்கள் என்று மென்பொருளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. படத்தின் கீழே தம்பியும் சொல்லியிருக்கவில்லை. ஒரு இதய எமோஜி மட்டும் போட்டிருந்தார்.

இத்தனை வருடத்தில் நான் பார்த்த நீக்கங்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். படத்தில் தப்பு இருக்காது, படத்தோடு வந்திருக்க வேண்டிய தகவல் வந்திருக்காது. லேபிள், விளக்கம், மூலம் மூன்றையும் எழுதுவது வரைகிறவரின் வேலை. அதை மாடரேட்டர் யூகித்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

3. நிர்வாணம்னாலே தடையா? கோயில் சிற்பத்துல இல்லாததையா நான் வரைஞ்சுட்டேன்?

கோயில் வாதம் எங்கள் குழுவில் மாதம் ஒருமுறை வரும். நியாயமான வாதம்தான், ஆனால் விதியைப் படித்துவிட்டு வாதாடினால் பலன் உண்டு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் ஓவியம், சிற்பம் இவற்றில் வரும் நிர்வாணத்துக்கு விலக்கு இருக்கிறது. பிரச்சினை எழுத்தில் இல்லை, அமலில். ஆஸ்திரியாவில் 1908இல் கிடைத்த வில்லண்டார்ஃப் வீனஸ் சிலை, கையளவுச் சுண்ணாம்புக் கல் பொம்மை, கற்காலத்தது. அதன் படத்தையே ஃபேஸ்புக் நீக்கிவிட்டு 2018இல் மன்னிப்புக் கேட்டது. வெறுத்துப்போன வியன்னா சுற்றுலா வாரியம் 2021இல் தன் ஊர் அருங்காட்சியக ஓவியங்களைக் காட்ட வயதுவந்தோர் படங்களுக்குப் பேர்போன ஓன்லிஃபேன்ஸில் கணக்குத் தொடங்கியது.

டிஜிட்டலில் வரைகிறவர்களுக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று. நீங்கள் எவ்வளவு தத்ரூபமாக வரைகிறீர்களோ அவ்வளவுக்குப் புகைப்படம் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும், விலக்கு கிடைக்காது. பிரஷ் தடம் தெரியும் ஓவியம் தப்பிக்கும். உடற்கூறு பயிற்சி போடுகிறவர்களுக்கு நான் சொல்வது: பக்கத்திலேயே கோட்டுச் சித்திர நிலையையும் சேர்த்து ஒரே படமாகப் போடுங்கள். பார்த்தவுடன் பயிற்சி என்று தெரியும்.

தளத்துக்குத் தளம் கோடு மாறும். டீவியன்ட்ஆர்ட் என்ற ஓவியத் தளம் 2000இல் தொடங்கியது. கலை நிர்வாணத்தை வயதுவந்தோர் லேபிளோடு வெகுகாலமாக அனுமதிக்கிறது. டம்ப்ளர் 2018 தடையைத் தளர்த்தி 2022 நவம்பரில் நிர்வாணத்தை லேபிளோடு திரும்ப அனுமதித்தது, அப்பட்டமான பாலுறவுக் காட்சிக்குத் தடை தொடர்கிறது. ஜப்பானின் ஓவியத் தளமான பிக்சிவ் வேறு மாதிரி. அங்கே ஆர்-18 என்று தனிப் பிரிவே உண்டு. ஆனால் எவ்வளவு தாராளமான படமானாலும் பிறப்புறுப்பை மொசைக் போட்டு மறைத்தாக வேண்டும். காரணம் அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவு. முதல் கேள்வியில் சொன்ன அடி லேயர் மேலே வந்து தெரிவது இப்படித்தான்.

4. மெச்சூர்னு லேபிள் போட்டா ரீச் போயிடும்ல அக்கா?

போகும். பொய் சொல்ல மாட்டேன். லேபிள் போட்ட படம் வெளியாள் கண்ணில் குறைவாகவே படும், லாகின் செய்யாதவர்களுக்குப் பல தளங்களில் மங்கலாகத்தான் தெரியும். ஆனால் லேபிள் இல்லாமல் போட்டு, புகார் வந்து, கணக்கில் ஒரு கரும்புள்ளி விழுந்தால் அடுத்தடுத்த படங்களுக்கும் சேர்த்து ரீச் போகும். ஒரு படத்துக்குக் குறைவதா, மொத்தக் கணக்குக்கும் குறைவதா என்பதுதான் கணக்கு.

முகத்தை மட்டும் வெட்டி முன்னோட்டப் படமாக வைத்து, முழுப் படத்தை லேபிளோடு அடுத்த பக்கத்தில் வைக்கலாம். இதை ஏமாற்று என்று எந்த மாடரேட்டரும் சொல்ல மாட்டார். முன்னோட்டத்தில் ஒன்று, உள்ளே வேறொன்று என்றால்தான் வம்பு.

5. காளி கையில வெட்டுன தலை இருக்கு. இது வன்முறையா?

புராணக் காட்சி என்று தெரிந்தால் பெரும்பாலான தளங்களில் பிரச்சினை வராது. காளியும் நரசிம்மரும் உலகம் பூராவும் வரையப்படுகிறார்கள். தளங்கள் பார்ப்பது ரத்தம் இருக்கிறதா என்பதை விட, காயத்தை நெருக்கத்தில் காட்டி அதையே விருந்தாக்கியிருக்கிறதா என்பதை. பிக்சிவ் அதற்கென்றே ஆர்-18ஜி என்று தனி லேபிள் வைத்திருக்கிறது.

எதிர்பாராத இடத்தில் மாட்டிக்கொண்டது ஒரு நவகண்டப் படம். போரில் வெற்றிக்காகக் கொற்றவைக்குத் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்கும் வீரனின் கல் தமிழ்நாட்டில் பல ஊர்களில் நிற்கிறது. ஒரு கையில் குடுமி, மறு கையில் கழுத்தில் வைத்த வாள். அதைப் பார்த்து ஒரு தங்கை வண்ணத்தில் வரைந்து போட்டார். வன்முறை விதியில் மாட்டும் என்று நினைத்தோம், மாட்டியது தற்கொலை, தன்காயம் விதியில். அந்த விதிதான் இருப்பதிலேயே கறாரானது. அது அப்படி இருப்பதில் எனக்கு வருத்தமும் இல்லை. மறுபடி போட்டபோது கல்லின் புகைப்படத்தை முதலிலும் வண்ணப்படத்தை இரண்டாவதாகவும் வைத்து, எந்த வழக்கம், எந்தக் காலத்துச் சிற்ப மரபு என்று நாலு வரி எழுதினார். நின்றது.

6. ஒரு போட்டோவைப் பார்த்து வரைஞ்சா அது திருட்டா?

பார்த்து வரைவது வேறு, மேலே வைத்து இழுப்பது வேறு. யானை எப்படி முழங்காலை மடக்குகிறது என்று பத்துப் படம் பார்த்து உங்கள் யானையை வரைந்தால் அது ரெஃபரன்ஸ். ஒருவர் எடுத்த புகைப்படத்தின் கோணம், ஒளி, அமைப்பு மொத்தத்தையும் அப்படியே பெயர்த்தால் கையால் வரைந்தாலும் அது அவர் படத்தின் நகல். பயிற்சிக்காக வீட்டில் எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் இடம் கொடுக்கிறது. பொதுவில் போடும்போது 'பயிற்சிப் படம், மூலம் இன்னார்' என்று எழுதுவது எங்கள் குழுவில் கட்டாயம். 'மூலம்: பின்ட்ரெஸ்ட்' என்று எழுதாதீர்கள். 'மூலம்: சந்தை' என்பது போல இருக்கிறது.

பெயர் போட்டுவிட்டால் அனுமதி வாங்கியதாகாது. விற்கிறீர்கள் என்றால் அனுமதி வேண்டும். காப்புரிமை முடிந்த படங்களில் இந்தத் தொல்லை இல்லை. இந்தியாவில் ஓவியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் முடியும். ரவிவர்மா 1906இல் இறந்தார், அவர் தமயந்தியை நீங்கள் ஸ்கூட்டரில் உட்கார வைத்தாலும் யாரும் கேட்க முடியாது.

7. நடிகர்களை வரைஞ்சா? ஃபேன் ஆர்ட்டுக்கு விதி உண்டா?

ரசிகர் வரைவதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. டி-ஷர்ட் அடித்து விற்கும்போதுதான் நோட்டீஸ் வரும். ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல், அனுமதி இல்லாமல் அவர் பெயரையும் உருவத்தையும் பாணியையும் ஒரு திரைப்படத்தில் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது. அந்த மாதிரி வழக்குகளுக்குப் பிறகு விற்பனைத் தளங்கள் எச்சரிக்கையாகிவிட்டன.

உயிரோடிருக்கும் ஒருவரை ஆபாசமாக வரைவது இதில் சேராது. எங்கள் குழுவில் அதற்கு எச்சரிக்கை கிடையாது, நேராக வெளியே.

8. என் படத்தை இன்னொருத்தன் தன் பேர்ல போட்டுட்டான். என்ன பண்றது?

கமெண்டில் திட்டாதீர்கள். அவன் உங்களை பிளாக் செய்துவிட்டால் அவன் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்கக்கூட முடியாது. முதலில் அவன் பதிவின் முகவரி, தேதி, படம் மூன்றையும் சேமியுங்கள். அப்புறம் உங்கள் பக்கச் சான்று: லேயர்களை ஒன்றாக்காத மூலக் கோப்பு, ப்ரோக்ரியேட் செயலி என்றால் வரைந்ததைக் காட்டும் டைம்லாப்ஸ் வீடியோ, முதல் கிறுக்கல். ஜேபெக் மட்டும் வைத்துக்கொண்டு மூலக் கோப்பை அழித்துவிடும் பழக்கம் உள்ளவர்கள் இன்றோடு விட்டுவிடுங்கள். சேமிப்பிடம் மலிவு.

அமெரிக்கத் தளம் என்றால் டிஎம்சிஏ புகார். அது 1998இல் வந்த அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம், எந்த நாட்டு ஓவியரும் பயன்படுத்தலாம், படிவம் தளத்திலேயே இருக்கும், காசு கிடையாது. இந்தியச் சட்டத்திலும் வழி உண்டு. 52ஆம் பிரிவின் கீழ் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்தால், 2013 காப்புரிமை விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் தளம் படத்தை முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுபோகாவிட்டால் தளம் மறுபடி திறந்துவிடலாம். அதனால் எங்கள் ஆட்கள் நடைமுறையில் டிஎம்சிஏவைத்தான் பிடிக்கிறார்கள்.

9. அவனே என் மேல பொய்யா டிஎம்சிஏ போட்டுட்டா?

நடக்கிறது. திருடியவன் முந்திக்கொண்டு புகார் கொடுப்பான். நீங்கள் எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். கொடுத்த பிறகு 10 முதல் 14 வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவர் வழக்குப் போடாவிட்டால் தளம் படத்தைத் திரும்ப வைக்கும். எட்டாவது பதிலில் சொன்ன சான்றுகள் இங்கேயும் கைகொடுக்கும்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: எதிர் அறிவிப்பில் உங்கள் பெயர், வீட்டு முகவரி, போன் எண் எல்லாம் எழுத வேண்டும், அது எதிராளிக்குப் போகும். யாரென்றே தெரியாத ஆளிடம் வீட்டு முகவரியைக் கொடுப்பது, குறிப்பாகப் புனைபெயரில் வரையும் பெண்களுக்கு, சின்ன விஷயம் இல்லை. ஒருவர் இதற்காகவே படத்தை விட்டுக்கொடுத்தார். நான் அவரை வற்புறுத்தவில்லை. முடிந்தால் வக்கீல் முகவரி மூலம் அனுப்புங்கள்.

10. ஏஐ படம் போடலாமா கூடாதா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க

ஒவ்வொரு தளமும் ஒவ்வொன்று சொல்வதுதான் காரணம். 2022 ஆகஸ்டில், எழுதிக் கொடுத்ததைப் படமாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற ஏஐ மென்பொருள் பொதுவில் வந்த சில வாரங்களில் ஓவியத் தளங்கள் ஏஐ படங்களால் நிரம்பின. நியூகிரவுண்ட்ஸும் ஃபர் அஃபினிட்டியும் அந்த ஆண்டே தடை போட்டன. பிக்சிவ் தடை செய்யாமல் அக்டோபர் கடைசியில் ஏஐ என்று தனியாகக் குறிக்கும் வசதி கொண்டுவந்தது. ஆனால் ஓவியர்கள் மாதச் சந்தா வாங்கும் அதன் ஃபேன்பாக்ஸில் 2023 மே மாதம் தடை. காசு புரளும் இடத்தில் கோடு இறுகுவதைக் கவனியுங்கள்.

டீவியன்ட்ஆர்ட் 2022 நவம்பரில் ட்ரீம்அப் என்ற தன் சொந்த ஏஐ கருவியை விட்டது. ஓவியர்களின் படங்களை ஏஐ பயிற்சிக்கு எடுக்கக்கூடாது என்றால் ஓவியரே போய்ச் சொல்ல வேண்டும் என்று முதலில் வைத்திருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் உடனே தலைகீழாக மாற்றினார்கள். டிசம்பரில் ஆர்ட்ஸ்டேஷன் என்ற ஓவியத் தளத்தின் முகப்பு முழுக்க 'ஏஐ' என்ற எழுத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஒரே படம். நூற்றுக்கணக்கானோர் போட்டார்கள். தளம் தன் விதியைக் காட்டி அவற்றில் பலவற்றை நீக்கியது, கோபம் இன்னும் ஏறியது. பிறகு, பயிற்சிக்கு எடுக்காதே என்று சொல்லும் 'நோஏஐ' குறிச்சொல்லைக் கொண்டுவந்தார்கள். அந்தக் குறிச்சொல் ஓர் அறிவிப்புப் பலகை மாதிரி. மதிப்பவர் மதிப்பார். படத்துக்குள்ளேயே பாதுகாப்பு வேண்டும் என்றால் சிகாகோ பல்கலைக்கழகத்தில் உருவான கிளேஸ் மென்பொருளைப் பாருங்கள், 2023இல் வந்தது, இலவசம்.

எங்கள் குழுவில் ஏஐ படம் போடக்கூடாது. ஏஐ கெட்டதா நல்லதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. வரையக் கற்றுக்கொள்ளும் இடத்தில் வரையாத படத்துக்கு யார் என்ன திருத்தம் சொல்வது?

11. நான் கையால வரைஞ்சதையே ஏஐன்னு தூக்கிட்டாங்க. எப்படி நிரூபிக்க?

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். ஒரு டீக்கடை ஓவியம் வந்தது. கிளாஸைப் பிடித்திருந்த கையில் ஆறு விரல். அப்போது ஏஐ படங்களைக் கண்டுபிடிக்க எல்லோரும் விரல்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். தூக்கிவிட்டு 'ஏஐ படத்துக்கு அனுமதி இல்லை' என்று கறாராக ஒரு வரியும் எழுதினேன். அரைமணி நேரத்தில் பதில் வந்தது, ஒரு புகைப்படத்தோடு: "அக்கா, இவர் எங்க சித்தப்பா. பிறந்ததிலிருந்தே ஆறு விரல்." படத்தைத் திரும்ப வைத்து, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பையன் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டான், சித்தப்பா எடுத்துக்கொண்டாரா தெரியாது.

பெரிய இடங்களிலும் நடந்தது. 2022 டிசம்பரில் ரெட்டிட்டின் பெரிய ஓவியக் குழுவில் வியட்நாம் ஓவியர் ஒருவரை ஏஐ என்று சொல்லி வெளியேற்றினார்கள். அவர் லேயர் கோப்பைக் காட்டத் தயாராக இருந்தும் மாடரேட்டர் கேட்கவில்லை. விவகாரம் வெடித்துக் குழுவையே சில நாள் மூடி வைக்க வேண்டி வந்தது.

ஆகவே எங்கள் நடைமுறை மாறியது. 'ஏஐ கண்டுபிடிப்பான்' தளங்கள் சொல்லும் சதவீதத்தை நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. அவை நேற்று ஒன்று, இன்று ஒன்று சொல்லும். சந்தேகம் வந்தால் தனிச் செய்தியில் கேட்போம், படத்தைத் தூக்கும் முன். லேயர் பேனலின் ஸ்கிரீன்ஷாட், நடுவழியில் சேமித்த ஒரு கோப்பு, ரெண்டில் ஒன்று போதும். எட்டாவது பதிலில் மூலக் கோப்பை அழிக்காதீர்கள் என்றது இதற்கும் சேர்த்துத்தான்.

12. பாத்திரத்துக்கு 18 வயசுன்னு கீழ எழுதிட்டா போதும்ல?

போதாது. இந்த ஒரு இடத்தில் லேபிளோ விளக்கமோ எதுவும் உதவாது. குழந்தை போலத் தோன்றும் உருவத்தைப் பாலியல் ரீதியாகக் காட்டினால், கீழே 18 என்றோ 'ஐந்நூறு வயது தேவதை' என்றோ எழுதினாலும் பெரும்பாலான தளங்கள் கணக்கையே மூடும். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் டிஜிட்டல் படங்களை உருவாக்குவதும் வருகிறது. அமெரிக்கத் தளங்கள் தங்கள் கண்ணில் படும் சிறார் பாலியல் படங்களை அங்குள்ள சிறார் பாதுகாப்புக்கான தேசிய மையத்துக்குத் தெரிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவை. மேல்முறையீடு எழுத உதவுங்கள் என்று இது விஷயமாக என்னிடம் வராதீர்கள்.

13. அரசியல் கார்ட்டூன், சாமி படம் போட்டா தளம் தூக்குமா, போலீஸ் வருமா?

முதல் பதிலின் அடி லேயர் இங்கே நேரடியாகப் பேசும். 2017 நவம்பரில் கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்ததை அடுத்து, முதலமைச்சரும் ஆட்சியரும் காவல் ஆணையரும் ஆடையின்றிப் பணத்தால் மறைத்துக்கொண்டு நிற்பதாக வரைந்தார். போட்ட பிரிவுகளில் ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் மின்னணு ஆபாசத்துக்கான 67. கேலிச்சித்திரத்தின் மேல் ஆபாசப் பிரிவு! மறுநாள் ஜாமீன் கிடைத்தது. 2025 பிப்ரவரியில், பிரதமர் விலங்கிடப்பட்டு டிரம்ப் அருகில் அமர்ந்திருப்பதாக வந்த கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளமே முடங்கியது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், படத்தைத் தற்காலிகமாக அகற்றும்படியும் முடக்கத்தை நீக்கும்படியும் சொன்னது.

அரசு அதே சட்டத்தின் 69ஏ பிரிவில் முடக்க உத்தரவிட்டால் தளம் அந்தப் படத்தை இந்தியாவில் மட்டும் மறைக்கும். சிங்கப்பூர் நண்பர் 'எனக்குத் தெரியுதே' என்பார், உங்களுக்குத் தெரியாது. அப்படி நடந்தால் மாடரேட்டர் தூக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

சாமி படத்தைப் பற்றி: ஓவியர் எம்.எஃப். ஹுசைன் மீதான ஆபாச வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2008இல் ரத்து செய்தது. படத்தின் ஒரு துண்டை மட்டும் பார்க்காமல் முழுமையாக, இன்றைய சமூகத்தின் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்ன அளவுகோல். 2008 தீர்ப்பு ஹுசைனுக்குச் சாதகம்தான், ஆனாலும் வெளிநாடு போய்விட்ட அவர் திரும்பி வரவே இல்லை. 2010இல் கத்தார் குடியுரிமை பெற்றார். சட்டத்தில் ஜெயிப்பது வேறு, நிம்மதியாக இருப்பது வேறு. உங்கள் படத்துக்கு எது எவ்வளவு முக்கியம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

14. அப்பீல் பண்ணா நிஜமாவே யாராவது படிக்கிறாங்களா?

படிக்கிறார்கள், சுருக்கமாக எழுதினால். 'கலையை அவமதிக்கிறீர்கள்' என்று எழுதினால் படிக்கிறவர் என்ன செய்ய முடியும்? விதியின் எந்த வாசகத்தில் உங்கள் படம் வருகிறது என்று அவருக்கு எடுத்துக் கொடுங்கள். ரெண்டாவது பதிலில் சொன்ன அப்பத்தா படத்துக்கு நாங்கள் எழுதியது இவ்வளவுதான், ஆங்கிலத்தில்:

"இது கையால் வரைந்த டிஜிட்டல் ஓவியம், புகைப்படம் அல்ல. வரையப்பட்டிருப்பவர் எண்பது வயதைக் கடந்த என் பாட்டி. ரவிக்கை அணியாமல் சேலை கட்டுவது தமிழகக் கிராமங்களில் அவர் தலைமுறையின் வழக்கம். ஓவியங்களுக்கு உங்கள் விதியில் உள்ள விலக்கின் கீழ் இது வரும். வரைந்த நிலைகளை இணைத்திருக்கிறேன்."

நாலாம் நாள் படம் திரும்பி வந்தது. மன்னிப்பெல்லாம் கிடையாது, 'மீட்கப்பட்டது' என்று ஒரு வரி.

தளம் கைவிரித்தால் இந்தியாவில் இன்னொரு படி உண்டு. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலர் வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு 15 நாளில் முடிக்க வேண்டும் என்று அந்த விதிகள் வந்தபோது கெடு வைத்தார்கள். கெடுக்கள் திருத்தப்படுவதுண்டு, அனுப்பும் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பதிலும் திருப்தி இல்லையென்றால் 2023 முதல் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது, 30 நாளுக்குள் ஆன்லைனிலேயே மனுப் போடலாம்.

15. நாங்களும் ஒரு குழு ஆரம்பிக்கிறோம். விதி எழுதித் தர்றீங்களா?

தர மாட்டேன். எங்கள் விதிகள் எங்கள் சண்டைகளிலிருந்து வந்தவை, உங்களுக்குப் பொருந்தாது. முதல் வருடம் நாங்கள் முப்பது விதி எழுதினோம், ஒருவரும் படிக்கவில்லை. இப்போது ஏழு. ஒவ்வொன்றின் கீழும் 'ஏன்' என்று ஒரு வரி இருக்கிறது. 'ஆபாசம் கூடாது' என்று எழுதினால் அப்பத்தாவும் மாட்டுவார். 'பாலுறவுக் காட்சி கூடாது, நிர்வாணப் பயிற்சிப் படங்களுக்குத் தனி அறை' என்று எழுதினால் மாட்ட மாட்டார். விமர்சனம் வேண்டுமா, வெறுமனே காட்டுகிறாரா என்பதையும் போடுகிறவரே சொல்லும்படி வையுங்கள். எங்கள் சண்டைகளில் பாதி அதில்தான் தொடங்கின.

16. மாடரேட்டர் தன் ஃப்ரெண்டுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயம்னு நடந்தா யார்கிட்ட சொல்றது?

இதைக் கேட்டவர் என்னைத்தான் சொன்னார். ஒரே வாரத்தில் ரெண்டு பேர் மூலம் சொல்லாமல் புகைப்படப் பிரதி போட்டிருந்தார்கள். ஒன்றைத் தூக்கினேன், ஒன்று நின்றது. நின்ற படத்தைப் போட்டவர் எனக்குப் பத்து வருடப் பழக்கம். வேண்டுமென்று விடவில்லை, பார்க்கவில்லை, ஆனால் பார்க்காதது ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. 'அவள் போட்டால் சரியாகத்தான் இருக்கும்' என்று கடந்து போயிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நீக்கப் பதிவேடு ஒன்று வைத்தோம். உறுப்பினர் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்: தேதி, எந்த விதி, தூக்கியது யார், மேல்முறையீடு வந்ததா. படம் இருக்காது, போட்டவர் பெயரும் இருக்காது. தெரிந்தவர் படம் புகாரில் வந்தால் இன்னொரு மாடரேட்டர் பார்ப்பார். புகார் என் மேலேயே என்றால் மற்ற இருவருக்கும் நேராகப் போகும், எனக்கு வராது. போன மாதம் அப்படி ஒன்று போயிருக்கிறது, பதிவேட்டில் 'விசாரணையில்' என்று நிற்கிறது. என்னவென்று எனக்கு இன்னும் சொல்லவில்லை.